படி ஏறாத பயணம்

அஞ்சனாவின் அலுவலகம் கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், சுக்கு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியின் மாடியில் இருந்தது. ஏறிப் போகப் பதினாலு மரப்படிகள், அதுவும் செங்குத்தாக. அவளிடம் வருகிறவர்களோ எல்லாரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். அதனால் யாரையும் அவள் அலுவலகத்துக்கு வரச் சொல்வதில்லை. பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்களின் வீடு தேடி அவளே போவாள். கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்து, முட்டி எப்படி, மூச்சு எப்படி, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்றெல்லாம் விசாரித்துப் படிவத்தில் எழுதிக்கொள்வாள்.

'நிதானம்' என்று கம்பெனிக்குப் பெயர் வைத்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. நேபாளம், சிக்கிம், பூட்டான் என்று மலைப்பக்கமாகவே போவார்கள். காலை ஒன்பதரைக்கு முன்னால் வண்டி கிளம்பாது. சுத்தமான கழிப்பறை உள்ள இடமாகப் பார்த்து வழியில் அடிக்கடி நிற்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் ஓய்வு. எந்த ஓட்டலிலும் கீழ்த்தள அறைதான். ஒரு படிகூட ஏறாமல் இமயமலையைப் பார்த்துவிட்டு வந்தோம் என்று போய் வந்தவர்கள் சொல்லிச் சொல்லித்தான் அடுத்த குழு சேரும்.

வெங்கிடேஸ்வரன் போன் செய்தது செப்டம்பரில். ஏலூரில் உர ஆலையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர், எழுபத்தேழு வயது. பாலஸ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வீடு. மனைவி அனந்தலக்ஷ்மி அவரைவிட ஐந்து வயது இளையவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே பிள்ளை மெல்போர்னில்.

அஞ்சனா போன அன்று மாமி வாசலுக்கே வந்து வரவேற்றாள். நல்ல நிறத்தில் புடவை, நேர் வகிடு, நெற்றியில் சின்னப் பொட்டு. கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். மாமிக்கு முட்டியில் வலி உண்டு, படி ஏறினால் வீங்கும் என்று மாமா சொன்னதை அஞ்சனா எழுதிக்கொண்டாள்.

"அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர் வேணும் மாமா."

அவர் கண்ணாடியைத் தேடுவதற்குள் மாமி ஐந்து இலக்கங்களைக் கடகடவென்று சொன்னாள். குரல் அப்படியே ஆபரேட்டர் குரல், ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக.

மாமா சிரித்தார். "அது இந்த ஆத்தோட பழைய நம்பர். அந்த நம்பர் மாறியே முப்பது வருஷமாச்சு."

அஞ்சனாவும் சிரித்தாள். பேச்சு பூட்டான் குளிர், கம்பளி, சாப்பாட்டுக்குத் தயிர் கிடைக்குமா என்று போயிற்று. அரைமணி நேரம் கழித்து மாமி அவள் பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாக, "நீங்க யாரைப் பார்க்க வந்திருக்கேள்? அவர் ஆபீசுக்குப் போயிருக்கார், வர அஞ்சரை ஆகும்" என்றாள். அவர் அவளுக்கு அடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

மாமா எழுந்து மாமியைச் சமையலறைக்கு அழைத்துப் போய்விட்டு வந்தார். படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதில் ஒன்பதாவது கேள்வி, ஞாபக மறதி நோய் ஏதும் உண்டா என்பது. அந்த நோய் உள்ளவர்களை அழைத்துப் போவதில்லை என்று அடியிலேயே அச்சிட்டிருந்தது. அஞ்சனா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டார்.

"மாமா," என்றாள் அஞ்சனா.

"ரெண்டு வருஷமாச்சு. பிள்ளைக்குக்கூடச் சொல்லலை. அவளுக்கு ஒரே ஒரு ஆசை, பனிமலை பார்க்கணும்னு. நான்தான் லீவு இல்லே, லீவு இல்லேன்னு தள்ளிண்டே போனேன். அடுத்த வருஷம் கூட்டிண்டு போனா மலைன்னா என்னன்னு அவளுக்குத் தெரியுமோ என்னவோ. ஒரு நிமிஷம்கூட நான் கையை விட மாட்டேன், அஞ்சனா."

சமையலறையிலிருந்து மாமி ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. அஞ்சனா படிவத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடுதான் அன்று அவள் அந்தச் சந்திலிருந்து வெளியே வந்தாள்.

நவம்பர் இரண்டாம் வாரம் கிளம்பினார்கள். அஞ்சனாவோடு சேர்த்துப் பதின்மூன்று பேர். கொல்கத்தாவில் ஒரு நாள் தங்கி, மறுநாள் பாரோவில் இறங்கித் திம்புவுக்குப் போனார்கள். வழிகாட்டி சோனம் என்ற முப்பது வயதுக்காரன். அந்த ஊர் அங்கி உடுத்து, சுத்தமான இந்தி பேசுவான். வந்த வேகத்தில் மாமிகள் எல்லாரும் அவனைத் தங்கள் பிள்ளையைப் போல வேலை வாங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மாமி சந்தோஷமாக இருந்தாள். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு மலை திரும்புவதைப் பார்த்துக்கொண்டே வருவாள். தோச்சுலா கணவாயில் மேகம் விலகித் தொலைவில் வெள்ளைச் சிகரங்கள் வரிசையாகத் தெரிந்தபோது, மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, "இதெல்லாம் நிஜமா?" என்று கேட்டாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அஞ்சனா பார்த்தாள். செப்டம்பரில் தான் செய்தது சரிதான் என்று அந்தக் கணத்தில் அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை திம்பு ஓட்டலில், சிற்றுண்டிக்கு எல்லாரையும் கூப்பிடப் போனவள், மாமி தனியாகத் தாழ்வாரத்தின் கோடியில் நிற்பதைக் கண்டாள். தலை வாரி, கைப்பையைத் தோளில் மாட்டி, கதவின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"எங்க மாமி?"

"எக்ஸ்சேஞ்சுக்கு நேரமாச்சு. ஏழு மணி ஷிப்டு. இந்தக் கதவு திறக்க மாட்டேங்கறது."

அஞ்சனா அவளைக் கையைப் பிடித்து அறைக்கு அழைத்துப் போனாள். மாமா குளியலறையிலிருந்து துண்டோடு ஓடிவந்தார். "மத்தவாளுக்குத் தெரிய வேண்டாம். பாவம், எல்லாரும் அவளை ஒரு மாதிரி பார்ப்பா," என்றார். அஞ்சனா சரி என்றாள். சோனத்திடம் மட்டும், "இந்த அம்மாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்" என்றாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நான்காம் நாள் பாரோவுக்குத் திரும்பினார்கள். ஓட்டல் ஊருக்கு வெளியே சரிவில், பைன் மரங்களுக்கு நடுவே இருந்தது. கேட்டிருந்தபடி எல்லாருக்கும் கீழ்த்தளம்தான். ஒவ்வொரு அறைக்கும் தோட்டத்தைப் பார்த்த ஒரு கண்ணாடிக் கதவு. தள்ளினால் நேரே புல்தரை. மாமாவுக்கும் மாமிக்கும் கடைசி அறை. அங்கிருந்து பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும் என்று அஞ்சனாவே தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள்.

நாலு மணிக்கு எல்லாரும் சாயாவுக்குக் கூடத்தில் சேர்ந்தபோது வெங்கிடேஸ்வரன் தனியாக வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். யாருக்கும் கேட்காத குரலில், "அவ இங்க வந்தாளா?" என்றார்.

கண்ணயர்ந்துவிட்டாராம். எழுந்து பார்த்தால் கட்டில் காலி, கண்ணாடிக் கதவு ஒரு முழம் திறந்திருக்கிறது. ஸ்வெட்டர் நாற்காலியில் இருக்கிறது, கைப்பை இல்லை. எத்தனை மணிக்குப் போனாள் என்று தெரியாது.

ஓட்டல் ஆட்கள் தோட்டத்தையும் சமையற்கட்டையும் தேடினார்கள். சோனம் கீழே சாலை வரை ஓடிப் போய்விட்டு வந்தான். ஐந்து மணிக்கு முன்பே போலீஸ் அதிகாரி இரண்டு பேரோடு வந்துவிட்டார். அமைதியான மனிதர். அஞ்சனாவையும் மாமாவையும் பக்கத்தில் உட்கார வைத்து ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன உடை, என்ன உயரம், நடக்க முடியுமா.

"முட்டி வலி. மேடு ஏற முடியாது," என்றாள் அஞ்சனா.

"மனசு எப்படி? தெளிவாக இருப்பாரா?"

அஞ்சனா மாமாவைப் பார்த்தாள். மாமா அவளைப் பார்த்தார். பக்கத்து மேஜையில் குழுவில் பாதிப் பேர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தெளிவுதான்," என்றாள். "வயதானவர், அவ்வளவுதான்."

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

தெளிவாக உள்ள, மேடு ஏற முடியாத ஒரு பெண்மணி எங்கே போயிருப்பார்? கடைப் பக்கம் போயிருப்பார், சாலையைப் பார்த்து இறங்கியிருப்பார், ஆற்றங்கரையில் நின்றிருப்பார். எல்லாரும் கீழ்ப்பக்கமே தேடினார்கள். டார்ச் விளக்குகள் ஆற்றோரமாகப் போய்க்கொண்டிருப்பது கூடத்து ஜன்னலில் தெரிந்தது. ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. குளிர் ஏற ஏறக் கண்ணாடியில் ஆவி வெள்ளையாகப் படிந்தது.

அஞ்சனா மற்றவர்களைச் சாப்பிட வைத்தாள். அவளுக்கு அந்த வேலையும் இருந்தது. ரசம் சூடாக இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு பேருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். குழுவில் இருந்த கலூர்க்காரர் பிச்சுமணி மாமா கையலம்பிவிட்டு வந்து அவள் எதிரில் நின்றார்.

"சங்கடமான நேரந்தான், அஞ்சனா. இருந்தாலும் கேக்கணுமே. நாளைக்கு மலைப்பாறையில இருக்கற அந்தப் புலிக்குகை மடம் பார்க்கறது உண்டோ இல்லியோ? நாங்க ஆத்துல உக்காந்திருக்கற மாதிரி இங்க உக்காந்து என்ன செய்யறது?"

அவள் வெளியே வந்தாள். தாழ்வாரத்து விளக்கடியில் சோனம் காலணியில் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவனிடம் சொன்னாள். மறதி நோய் என்றும், திம்புவில் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பி நின்றதையும் சொன்னாள். அப்போது மணி ஏழாகியிருந்தது.

சோனம் நிமிர்ந்து பார்த்தான். "அம்மா, முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தக் கதவுக்கு ஓர் ஆளைப் போட்டிருப்பேனே," என்றான். பிறகு அதிகாரியைத் தேடி ஓடினான். அதிகாரி அவளைத் திட்டவில்லை. இரண்டு ஆட்களை மேற்பக்கம், காட்டுப்பாதையில் அனுப்பினார். அவர்கள் முதல் திருப்பம் வரை போய், இருட்டில் பாதை தெரியாமல் திரும்பி வந்தார்கள். விடிந்ததும் பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, மாடு மேய்க்கப் போன ஒரு பெண் மாமியைக் கண்டாள். ஓட்டலிலிருந்து ஒன்றரை மைல் மேலே. பாதை நெடுக ஏற்றம். ஒரு பைன் மரத்தில் சாய்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடி இருந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. உயிர் போய்ச் சில மணி நேரம்தான் ஆகியிருக்கும், விடியற்காலையாக இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். அதாவது, ரசம் சூடாக இருக்கிறதா என்று அஞ்சனா பார்த்துக்கொண்டிருந்தபோது மாமி மேலே உயிரோடு உட்கார்ந்திருந்தாள். அதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை.

மற்ற பத்துப் பேரும் அன்றைக்கு இன்னொரு வழிகாட்டியோடு மடத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். கீழேயிருந்து பார்ப்பதற்கு வசதியாக நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்களாம்.

உடலைக் கொச்சிக்குக் கொண்டுவர நாலு நாளாயிற்று. பிள்ளை ஹரிநாராயணன் அதற்குள் மெல்போர்னிலிருந்து வந்திருந்தான். சந்துக்குள் ஆம்புலன்ஸ் நுழையாததால் சந்து முனையிலேயே இறக்கித் தூக்கிக்கொண்டு போனார்கள். அஞ்சனா தெருமுனையில் நின்றாள், உள்ளே போகவில்லை. குழுவில் போய் வந்தவர்கள் போனில் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், மலை, மடம், மறுபடி மலை. ஒருவர், வருத்தத்துக்குரிய அந்தச் சம்பவம் தவிர ஏற்பாடுகள் எல்லாம் மிகச் சிறப்பு என்று எழுதியிருந்தார்.

பதின்மூன்று நாள் காரியம் முடிந்த மறுநாள் ஹரி கூப்பிட்டான். வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டான். குரலில் கோபம் இல்லை. அஞ்சனா போனாள். மாமா செப்டம்பரில் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் இருந்தார். மழிக்காத தாடி.

"உக்காருங்கோ," என்றான் ஹரி. நாற்பத்தைந்து வயதிருக்கும், அம்மாவின் முகம். "அப்பா எல்லாம் சொல்லிட்டார். அம்மாவுக்கு உடம்பு அப்படின்னு மறைச்சது அவர்தானாம். பாரத்துல பொய்யா எழுதினதும் அவராம். உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதாம். உங்களை ஒரு வார்த்தை சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிண்டிருக்கார். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அது நெஜமான்னு உங்க வாயால கேக்கணும்."

அஞ்சனா மாமாவைப் பார்த்தாள். போலீஸ் அதிகாரிக்கு முன்னால் பார்த்த அதே பார்வைதான் அவர் கண்ணில் இருந்தது. ஆனால் இந்தத் தடவை அவர் லேசாகத் தலையை அசைத்தார், ஆமாம் என்று சொல்லிவிடு என்பது போல. அவள் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினால் போதும். ஒன்பது வருஷக் கம்பெனியும் பெயரும் அப்படியே நிற்கும்.

"இல்லை," என்றாள். "எனக்குத் தெரியும். இங்க வந்த அன்னிக்கே தெரியும். மாமா எழுதினப்போ நான் பார்த்துண்டுதான் இருந்தேன். திம்புவிலயும் ஒரு தடவை ஆச்சு. போலீஸ் கேட்டப்போ தெளிவுதான்னு சொன்னது நான். அதனாலதான் எல்லாரும் கீழயே தேடினா. மேல போக ரெண்டு மணி நேரத்துக்கு மேல தாமசமாயிடுத்து. போலீஸ் கேட்ட நேரத்துல இன்னும் வெளிச்சம் இருந்தது."

மாமாதான் முதலில் பேசினார்.

"எதுக்கு இப்ப இதைச் சொன்னே? என் ஒருத்தனோட போகட்டும்னு இருந்தேனே."

"அது உண்மை இல்லையே மாமா."

"உண்மை," என்றார் அவர். "இனிமே அதை வச்சிண்டு யார் என்ன பண்ணப் போறா?"

ஹரி எழுந்து ஜன்னலருகே போனான். வெளியே யாரோ தள்ளுவண்டியில் மீன் விற்றுக்கொண்டு போனார்கள். அந்தக் கூவல் ஓயும் வரை அவன் திரும்பவில்லை.

"ரெண்டு வருஷம்," என்றான். "ஞாயித்துக்கிழமை தோறும் பேசினேன். அம்மா நன்னா இருக்கா, அம்மா தூங்கறா, அம்மா கோவிலுக்குப் போயிருக்கா. டிசம்பர்ல லீவு போட்டு வர்றதா இருந்தேன். என்கிட்ட சொல்லியிருந்தா மார்ச்சுலயே வந்திருப்பேன். நீங்க ரெண்டு பேரும் அம்மா மேல இரக்கப்பட்டேள். நான் ஒத்துக்கறேன். ரெண்டு பேருமா இரக்கப்பட்டே கொன்னுட்டேள்."

அஞ்சனா எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

ஹரி புகார் கொடுத்தான். அஞ்சனா எதையும் மறுக்காமல் நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்துப் பெயர் கொடுத்திருந்த இரண்டு குழுக்கள் தாமாகவே விலகிக்கொண்டன. பிப்ரவரியில் கிட்டங்கி மாடியைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு, கலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தெரிந்தவர் நடத்தும் டிக்கெட் பதிவுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வருகிறவர்கள் ஊரைச் சொல்வார்கள், தேதியைச் சொல்வார்கள். முட்டி எப்படி என்று அவள் யாரையும் கேட்பதில்லை.

மெல்போர்னுக்கு வர மாமா மறுத்துவிட்டார். ஹரி அவரை இடக்கொச்சியில் காயலோரம் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டுப் போனான் என்று யாரோ சொன்னார்கள். ஏப்ரலில் ஒரு ஞாயிறு அஞ்சனா அங்கே போனாள். விரட்டினால் வந்துவிடலாம் என்று நினைத்துத்தான் போனாள்.

அவர் விரட்டவில்லை. மிகவும் இளைத்திருந்தார். காயலைப் பார்த்துப் போட்ட பெஞ்சில் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். சாப்பாடு பரவாயில்லை என்றார், கொசு அதிகம் என்றார். பிறகு, வெகுநாளாக யாரையோ கேட்கக் காத்திருந்தவர் போல, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணரை மைல் ஏத்தம். ஏறறச்சே அவளுக்கு மூச்சு வாங்கியிருக்குமோ?"

"தெரியலை மாமா."

"முட்டி வலிச்சிருக்கும்."

"வலிச்சிருக்கும்."

"இருட்டினப்புறம் பயந்திருப்பாளோ? இல்லே, எக்ஸ்சேஞ்சுக்குத்தான் போயிண்டிருக்கோம், பஸ் வரட்டும்னு நெனச்சிண்டு சும்மா உக்காந்திருந்தாளோ? நீ என்ன நெனைக்கறே?"

பயந்திருக்க மாட்டா மாமா, சந்தோஷமாத்தான் உக்காந்திருந்திருப்பா. அந்த வாக்கியம் முழுசாக அஞ்சனாவின் நாக்கு நுனிக்கு வந்தது. இப்படிப்பட்ட வாக்கியங்களைச் சொல்வதுதான் அவள் ஒன்பது வருஷம் செய்த தொழில். அவர் முகம் அவள் பக்கம் திரும்பிக் காத்திருந்தது.

"எனக்குத் தெரியாது, மாமா," என்றாள்.

"எதையாவது சொல்லேன்."

அவர் கையின் மேல் தன் கையை வைத்தாள். அவர் அதை எடுக்கவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. "ஹரியும் போன்ல தெரியாதுன்னுதான் சொன்னான்," என்றார்.

அதற்குப் பிறகு அவள் ஞாயிறு தோறும் போகிறாள். முதல் சில வாரம் அவர் அதே கேள்வியைக் கேட்டார், அவளும் அதே பதிலைச் சொன்னாள். மழை பிடித்த பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். இருவரும் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டுக் காயலில் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்றரைக்குச் சாயா வரும். குடித்துவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்கு அவள் கிளம்புவாள்.